தாவும் அலைவரிசைகள்

கம்பியில்லாத் தொடர்புக் கருவியை உரிமமின்றி வைத்திருப்பதையே 1933-ஆம் ஆண்டுச் சட்டம் குற்றமாக்கிய நாடு நம்முடையது என்பதால், சென்னை பெரம்பூரில் வசிக்கும் நான் வானொலி உரையாடல்களைத் தேடிப் பிடிக்கும் ஸ்கேனர் கருவி எதுவும் வாங்காமல், அமெரிக்க ஆர்வலர்கள் இணையத்தில் நேரலையாகத் தரும் தீயணைப்புத் துறை உரையாடல்களையே இரவில் கேட்கிறேன். அங்கே அது பகல் நேரம்.

பல குழுக்கள் சில அலைவரிசைகளைப் பகிர்ந்துகொள்ளும், அங்குள்ள டிரங்கிங் அமைப்புகளில் ஒரு குழுவுக்கென்று நிலையான அலைவரிசை கிடையாது. ஒருவர் பேசும் பொத்தானை அழுத்தியதும் கருவிகளுக்குக் கட்டளை அனுப்பும் கட்டுப்பாட்டுத் தடம் காலியாக உள்ள அலைவரிசை ஒன்றை ஒதுக்க, அக்குழுவின் கருவிகள் அனைத்தும் நொடிப்பொழுதில் அதற்குத் தாவுகின்றன, ஸ்கேனரும் பின்தொடர்கிறது. மிக நேர்த்தியான ஏற்பாடு.

பேச்சைப் பிறருக்குப் புரியாதபடி மாற்றி அனுப்பும் குறியாக்கம் பரவியதால் பல நகரங்களில் காவல்துறைப் பேச்சு இப்போது கேட்பதில்லை. அந்தரங்க விவரங்களைக் காக்க அது தேவைதான். தீயணைப்புத் தடங்களையும் மூடுவதை மட்டும் என்னால் ஏற்க முடியவில்லை.