பூட்டியின் பெயர்

தை அமாவாசையன்று இராமேசுவரத்தில் தம் தகப்பனாரான ஐயாவுக்குத் திதி கொடுக்க வேண்டும் என்பது அப்பாவின் நெடுநாள் ஆசை. அது கைகூடாமலே அவரும் போய்ச் சேர்ந்துவிட்டதால், இவ்வாண்டு இருவருக்கும் சேர்த்து நான் கொடுக்க நேர்ந்தது. இரயிலடியிலிருந்து அக்கினி தீர்த்தக் கரை வரை விடாமல் தொடர்ந்த தரகர்களிடமிருந்து தப்பி, தெரிந்தவர் சொல்லியனுப்பிய ஐயரைக் கூட்டத்தில் கண்டுபிடிப்பதற்குள் விடிந்துவிட்டது.

உள்ளங்கையில் எள்ளும் தண்ணீரும் வார்த்தபடி அவர் பெயர்களைக் கேட்டார். அப்பா, ஐயா, பூட்டன் என்று சொல்லிவிட்டேன். பெண்கள் வரிசையில் அப்பத்தாவுக்கு மேலே நாக்கு எழவில்லை. "தெரியாதவர்களுக்கும் போய்ச் சேரும், விடுங்கோ" என்று அவர் மந்திரத்தைத் தொடர்ந்தார்; எனக்கோ விரலிடுக்கில் ஒழுகிய எள்ளைப் பார்க்கவே கூச்சமாக இருந்தது.

1964 புயலுக்கு முன், போட் மெயில் தனுஷ்கோடி வரை ஓடிய காலத்தில், கப்பலேறித் தலைமன்னார் வழியாகக் கொழும்புக் கடைக்குக் கணக்கெழுதப் போனவர் ஐயா. ஒரு மாலை, வெற்றிலைக்குக் காம்பு கிள்ளிக்கொண்டே, "மண்டபம் கேம்புல உங்க ஐயாவை நிப்பாட்டி வச்சிட்டாக, அப்ப உங்க பூட்டி என்ன செஞ்சா தெரியுமா?" என்று, இலங்கைக்குப் போவோரை நோய்ச் சோதனைக்காக நிறுத்திவைத்த அந்த முகாமின் கதையை அப்பத்தா தொடங்கினாள். நான் கிரிக்கெட் பார்த்துக்கொண்டிருந்தேன். "அப்புறம் சொல்லு அப்பத்தா" என்றேன். அந்தப் பங்குனியில் அவள் போய்விட்டாள்.

இருபத்திரண்டு தீர்த்தமும் ஆடி, ஈரம் மாற்றி, விசுவநாதரை வணங்கிவிட்டு இராமநாதர் முன் நின்றபோது வேறெதையும் கேட்கத் தோன்றவில்லை. பூட்டி என்ன செய்தாள் என்பதை மட்டும் கேட்டேன். காவலர் தள்ளிவிடும் வரை அழுதேன். அப்பனே, அந்த நொடியில் மானாமதுரைச் சின்ன அப்பத்தாவை நினைவூட்டியது நீதான்; உனக்கு எத்தனை பிறவி கடன்பட்டேனோ!

மதுரைக்கு எடுத்திருந்த சீட்டோடு மானாமதுரையிலேயே இறங்கினேன். தொண்ணூறைக் கடந்த சின்ன அப்பத்தா கோடி தீர்த்தத்தைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, கேழ்வரகு மாவும் கருப்பட்டியும் மடியில் கட்டிக்கொண்டு மண்டபம் வரை மகனைத் தேடிப் போன பூட்டியின் கதையை இரவு வெகுநேரம் சொன்னாள். பெயரைக் கேட்டேன்.

"எங்கக்கா ஒரு நாளும் மாமியா பேரைச் சொன்னதில்லையே அப்பு" என்றாள்.