எங்கடா எரிமலை? – டோபா ஏரியில் அம்மாவோடு நான்கு நாள்

"எங்கடா எரிமலை?" என்று அம்மா கேட்டபோது நாங்கள் அதன் விளிம்பில்தான் நின்றுகொண்டிருந்தோம்.

இந்தோனேசியாவின் வடக்கு சுமத்ராவில் சிபிசோபிசோ என்றொரு அருவி. 120 மீட்டர் உயரத்திலிருந்து ஒரே கோடாக விழுகிறது. பீசோ என்றால் கத்தி. பெயர் வைத்தவனுக்கு நல்ல கண். அருவிக்கு அப்பால் டோபா ஏரி, மறுகரை தெரியாமல் நீலமாகக் கிடந்தது. அம்மா மனதில் இருந்தது வேறு படம்: கூம்பு மாதிரி மலை, உச்சியில் ஓட்டை, ஓட்டைக்குள் ஒரு குளம். அதற்குக் காரணமும் உண்டு. காலையில் மேடானிலிருந்து பெராஸ்தகி வழியாக வரும்போது சினாபுங் மலையைப் பார்த்துவிட்டாள். நானூறு வருடம் போலச் சும்மா கிடந்துவிட்டு 2010-ல் விழித்துக்கொண்ட மலை அது. "இதுதான் எரிமலை" என்று அப்போதே முடிவு கட்டிவிட்டாள். அதற்குப் பிறகு போய் ஏரியைக் காட்டினால் எடுபடுமா?

டோபாவின் கதை அளவில் அடங்காதது. சுமார் 74,000 ஆண்டுகளுக்கு முன் இங்கே வெடித்ததில் ஏறத்தாழ 2,800 கன கிலோமீட்டர் பாறையும் சாம்பலும் வெளியே வந்தன. அடியில் இருந்த பாறைக்குழம்பு காலியானதும் மேல்தரை அப்படியே உள்ளே இறங்கியது. பள்ளத்தில் மழைத் தண்ணீர் நிறைந்தது. நீளம் 100 கிலோமீட்டர், அகலம் 30, ஆழம் 500 மீட்டருக்கும் மேல். மதுரையில் கிளம்பி கோவில்பட்டி போய்ச் சேரும் தூரம் முழுக்க ஒரே எரிமலை வாய் என்றால் யாருக்குத்தான் கண்ணில் தட்டுப்படும்? அப்புறம் அடியிலிருந்து மறுபடி குழம்பு நெட்டித் தள்ள, ஏரியின் தரையே மேலெழுந்து சமோசிர் தீவானது. "பூரி மாதிரின்னு சொல்லு. உப்பி, அமுங்கி, திரும்ப உப்பியிருக்கு" என்றாள் அம்மா. நான் படித்த எந்த விளக்கமும் இவ்வளவு சுருக்கமாக இல்லை.

அன்றைய சாம்பல் வங்கக்கடலைத் தாண்டி நம் பக்கமும் வந்து விழுந்தது. ஆந்திராவில் கர்நூல் பக்கம் ஜ்வாலாபுரத்தில் அந்தச் சாம்பல் படிவத்தைத் தோண்டிப் பார்த்திருக்கிறார்கள். சாம்பலுக்குக் கீழேயும் கல் கருவிகள், மேலேயும் கல் கருவிகள். அங்கிருந்த மனிதர்கள் அத்தனை பெரிய வெடிப்பையும் தாக்குப்பிடித்திருக்கலாம் என்று 2007-ல் ஆய்வாளர்கள் எழுதினார்கள்.

வேன் ஓட்டியவர் காரோ இனத்தவர், இங்கத்திய பாத்தாக் மக்களில் ஒரு பிரிவு. போனில் மொழிபெயர்ப்பைத் தட்டிவிட்டு, என்ன குலம் என்று கேட்டேன். பாத்தாக் மக்களுக்கு மார்கா எனும் குலப்பெயர் உயிர் மாதிரி. "செம்பிரிங்" என்றார். உட்பிரிவு? "பாண்டியா." பின்சீட்டிலிருந்து அம்மா எட்டிப் பார்த்தாள். செம்பிரிங் என்றால் கருத்தவர் என்று பொருள். அந்தக் குலத்துக்குள் சோலியா, பாண்டியா, பெலாவி, மெலியாலா என்றெல்லாம் பிரிவுகள். சோழ, பாண்டிய, பல்லவ, மலையாளத் தொடர்பு என்று ஆய்வாளர்கள் பலர் சொல்கிறார்கள். மேற்குக் கடற்கரையில் பாருஸ் பக்கம் 1088-ம் ஆண்டுத் தமிழ்க் கல்வெட்டே கிடைத்திருக்கிறது, ஐந்நூற்றுவர் வணிகக் குழுவினர் வெட்டியது. முன்பெல்லாம் செம்பிரிங் குலத்தார் இறந்தவர்களை எரித்துச் சாம்பலை ஆற்றில் விடுவார்களாம். "நாங்களும் பாண்டிய நாடுதான்னு சொல்லுடா" என்றாள் அம்மா. சொன்னேன். மனிதர் ஹாரன் அடித்துச் சிரித்தார். அடுத்த கடையில் ஆரஞ்சு வாங்கிக் கொடுத்தார், காசு வாங்கவில்லை.

அந்தக் குஷியில் நேரம் போனது தெரியவில்லை. டயர் வேறு பஞ்சர். பராபத் துறைக்குப் போய்ச் சேர்ந்தபோது தீவுக்கான கடைசிப் படகு கிளம்பியிருந்தது. அன்றிரவு கரையிலேயே ஒரு விடுதி. பாத்தாக் மக்கள் பிரமாதமாகப் பாடுவார்கள் என்று கேள்விப்பட்டிருந்தேன். பக்கத்துக் கட்டடத்தில் விடிகாலை இரண்டு மணி வரை கரோக்கியில் அதை நிரூபித்தார்கள். பராபத்தில் தங்கிப் பார்க்கும்படி எதுவும் இல்லை. கரையோரம் ஆகாயத்தாமரையும் பிளாஸ்டிக்கும்தான். மதியம் மூன்று மணிக்குள் துறைக்கு வந்துவிடுங்கள். மேடானிலிருந்து ஒரு நாளில் போய்வரும் பேக்கேஜ் பக்கம் தலைவைத்தும் படுக்காதீர்கள். பாதி நாள் வேனிலேயே போய்விடும்.

படகில் ஏறியதும் உயிர்காப்பு உடை எங்கே இருக்கிறது என்று முதலில் பாருங்கள். 2018 ஜூனில் இதே ஏரியில் அளவுக்கு மீறி ஆளேற்றிய படகு ஒன்று மூழ்கியது. 160-க்கும் மேற்பட்டோர் போய்விட்டார்கள். படகு கிடந்த ஆழம் சுமார் 450 மீட்டர் என்பதால் பெரும்பாலான உடல்களை எடுக்கவே முடியவில்லை. மதியத்துக்கு மேல் இந்த ஏரியில் காற்று ஏறிவிடுகிறது. காலைப் படகுதான் நல்லது.

சமோசிரில் துக்துக் எனும் மூக்கு போன்ற நிலத்தில் தங்கினோம். அறை வாசலிலிருந்து நாலு படி இறங்கினால் ஏரி. கடல்மட்டத்துக்கு 900 மீட்டர் மேலே என்பதால் கொடைக்கானல் அளவுக்குக் குளிர் இல்லை, ஆனால் இரவில் ஸ்வெட்டர் வேண்டும். விடியற்காலையில் குளித்தேன். முதல் முங்கில் மூச்சு நின்று, மூன்றாவது முங்கில் வெளியே வர மனமில்லாமல் போனது.

ஸ்கூட்டர் வாடகைக்கு எடுத்து, அம்மாவைப் பின்னால் உட்கார வைத்து தோமோக்கும் அம்பாரிதாவும் போனோம். தோமோக்கில் சிடாபுதார் மன்னர்களின் கல் சவப்பெட்டிகள் இருக்கின்றன. கூடவே கடைத்தெரு, பேரம். ஒரு மணி நேரம் போதும். அம்பாரிதாவில் சியாலகான் கிராமத்துக்கு நிதானமாக நேரம் கொடுங்கள். மரத்தடியில் கல் நாற்காலிகள் வட்டமாக. அங்கே உட்கார்ந்துதான் அரசன் வழக்கு விசாரித்திருக்கிறான். தண்டனை பெற்றவனை என்ன செய்வார்கள் என்று வழிகாட்டி நடித்துக் காட்டினார், எலுமிச்சைச் சாறும் பூண்டும் தடவுவது வரை. அம்மா அதற்குள் எதிர் வீட்டைப் பார்க்கப் போய்விட்டாள். சேணம் போல வளைந்த கூரை, தூண்மேல் வீடு, ஒரு ஆணி கிடையாது. வாசல் தாழ்வு, குனிந்தால்தான் உள்ளே போக முடியும். "நம்ம ஊர்லயும் பழைய வீட்டு நிலை இப்படித்தான்டா, வர்றவன் குனிஞ்சு வரட்டும்னு."

சாப்பாட்டில் ஒரு எச்சரிக்கை. லாப்போ எனப்படும் உள்ளூர்க் கடைகளில் பி1, பி2 என்று எழுதியிருக்கும். அம்மா பஸ் நம்பர் என்று நினைத்தாள். பி2 பன்றி, பி1 நாய். மீன் சாப்பிடுகிறவர்கள் ஆர்சிக் கேளுங்கள்: மஞ்சள் தூக்கலாகப் போட்டுக் குழம்பு வற்றும்வரை வேகவைத்த கெண்டை. அதில் அந்தாலிமான் எனும் சின்ன மிளகு போடுவார்கள். நம் மிளகுக்கு உறவில்லை. எலுமிச்சை வாசனை, இரண்டு நிமிடத்தில் நாக்கு மரத்துப்போகும். "பல்லு புடுங்க ஊசி போட்ட மாதிரி இருக்கு" என்று சொல்லிக்கொண்டே அம்மா இன்னொரு துண்டு எடுத்தாள். பக்கத்து மேஜையில் வெள்ளையாக ஏதோ குடித்தார்கள். தூவாக். முகர்ந்து பார்த்து, "கள்ளுடா இது" என்று தீர்ப்புச் சொன்னாள். கள்தான், வேறு வகைப் பனையில் இறக்கியது.

நான்காம் நாள் கார் பிடித்து மேற்குக் கரையில் பங்குருரான் போனோம். வழியெல்லாம் வயலுக்கு நடுவே சின்னச் சின்ன வீடு மாதிரி கல்லறைகள். பங்குருரானை ஒட்டி பூசுக் புகித் மலை. பாத்தாக் மக்களின் முதல் மூதாதை இறங்கியது அங்கேதான் என்பார்கள். அதன் அடிவாரத்தில் பாறைச்சரிவு வெளுத்துப்போய், நடுநடுவே ஆவி கிளம்பிக்கொண்டிருந்தது. காரை விட்டு இறங்கியதும் அம்மா மூக்கைப் பொத்தினாள்.

"தீபாவளி மறுநாள் தெரு மாதிரி நாறுது."

கந்தகம். கீழே தொட்டிகளில் வெந்நீரைத் தேக்கியிருந்தார்கள். புடவையைக் கொஞ்சம் தூக்கிக்கொண்டு அம்மா ஒரு காலை விட்டாள், வெடுக்கென்று இழுத்தாள்.

"எரிமலை எங்கன்னு கேட்டேல்ல?" என்றேன்.

பதில் சொல்லவில்லை. மெதுவாக இரண்டு காலையும் உள்ளே விட்டு, முட்டிவலிக்கு நல்லா இருக்கு, இன்னும் அரைமணி நேரம் ஆகும் என்றாள். கார்க்காரர் இரண்டாவது காப்பிக்குச் சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டார்.