25 வயது என்னும் எல்லைக்கோடு
இங்கிலாந்தில் கருப்பை வாய்ப் புற்றுநோய்ப் பரிசோதனையின் தொடக்க வயது 20-லிருந்து 25-ஆக உயர்த்தப்பட்டிருந்தது; இந்த மாற்றம், 2009 மார்ச்சில் தொலைக்காட்சிப் பிரபலம் ஜேட் கூடி அந்நோயால் 27 வயதில் இறந்தபோது மீண்டும் பெரும் விவாதமானது. வயதைக் குறைக்கக் கோரியவர்களின் பதைப்பு எனக்குப் புரிகிறது. ஆயினும், அதே ஆண்டு ஆராய்ந்த வல்லுநர் குழு வரம்பை மாற்றாமல் விட்டதே சரியென்று கருதுகிறேன். இளம்பெண்களிடம் எச்பிவி (இப்புற்றுநோய்க்குக் காரணமாகும் வைரஸ்) தொற்று மிகப் பரவலாக இருந்தாலும், அதனால் உண்டாகும் செல் மாற்றங்களில் பெரும்பாலானவை தாமாகவே மறைந்துவிடுகின்றன. அவற்றைத் தேடிப்பிடித்து அகற்றினால், பிற்காலத்தில் குறைப்பிரசவம் நேரும் வாய்ப்பு கூடக்கூடும். ஆனால், மாதவிடாய்க்கு இடையே உதிரப்போக்கு என்று வரும் 22 வயதுப் பெண்ணை இந்த வரம்பைக் காட்டித் திருப்பி அனுப்புவது (அப்படியும் நடந்திருக்கிறது) முற்றிலும் வேறு விஷயம். வரம்பு, அறிகுறி ஏதுமற்றவர்களுக்கு அனுப்பப்படும் பரிசோதனை அழைப்புக்கு மட்டுமே உரியது.