காசு அனுப்புகிறவர் ஒருவர், அல்பம் பார்க்கிறவர் இன்னொருவர்

கலியாணப் படம் எடுக்க யாராவது கோல் எடுத்தால் திகதியைக் குறித்துக்கொண்ட கையோடு நான் கேட்கிற அடுத்த கேள்வி, "உங்கள் வீட்டில் இதை யார் பார்க்கிறது?" என்பதுதான். கொஞ்சம் சுற்றிவளைத்துத்தான் கேட்பேன். திருகோணமலையில் இந்தத் தொழில் செய்கிறவர்களுக்கு ஏன் என்று விளங்கும். காசு அனுப்புவது ரொறன்ரோவில் இருக்கிற மாமா. எந்த இடத்தில் எடுப்பது என்பது பொம்பிளையின் விருப்பம். அல்பத்தை மடியில் வைத்து ஒவ்வொரு தாளாகப் புரட்டி, "என்ர அக்கா குடும்பம் நிற்கிற படம் எங்க தம்பி?" என்று கேட்கப்போவது அம்மா. மாப்பிள்ளை பெரும்பாலும் எதுவும் கேட்கமாட்டார், பாவம்.

வாடிக்கையாளர் உறவு பற்றி எழுதுகிறவர்கள் எல்லாரும் அது ஒரே ஆள் என்பது போலத்தான் எழுதுகிறார்கள். இங்கே அது ஒரு குடும்பம். ஒருவரோடு மட்டும் கதைத்துவிட்டுப் போய் நின்றால், அன்றைக்கே மணவறைக்குப் பக்கத்தில் வைத்து மற்ற இரண்டு பேரும் உங்களைப் பிடிப்பார்கள். அதனால் அம்மாவிடம் போய் ஒரு தேத்தண்ணி குடித்துக்கொண்டு, குழுப்படத்தில் யார் யார் வேண்டும் என்று பெயர்களைக் கேட்டு ஒரு தாளில் எழுதிக்கொள்வேன். அந்தத் தாளை மண்டபத்தில் ஒரு மச்சானிடமோ மச்சாளிடமோ கொடுத்துவிட்டால் ஆட்களைத் தேடிப்பிடிக்கிற வேலை அவர்களுடையது. மாமாவுக்கு நம் இரவு எட்டு மணிக்குக் கோல் எடுத்தால் கோடை காலத்தில் அங்கே காலை பத்தரை, ஆறுதலாகக் கதைப்பார். அப்புறம் கதைத்த எல்லாவற்றையும் ஒரே மெசேஜாக வாட்ஸ்அப்பில் எழுதி மூன்று பேருக்கும் போட்டுவிடுவேன். வொயிஸ் மெசேஜ் போடுவதில்லை, ஏனென்றால் ஆறு மாதம் கழித்து அதைத் தேடிக் கேட்க யாராலும் முடியாது.

அடுத்தது வெளிச்சம். இன்ஸ்டாகிராமில் சூரியன் கடலுக்குள் இறங்குகிற படம் ஒன்றைக் காட்டி, "நிலாவெளியில் இப்படி வேணும்" என்று கேட்காத ஜோடி குறைவு. நிலாவெளியும் உப்புவெளியும் கிழக்குப் பார்த்த கடற்கரைகள். சூரியன் அங்கே கடலிலிருந்து எழும்பும், மறைவது நம் முதுகுக்குப் பின்னால் தரைப்பக்கம். "பார்ப்போம், எடுத்துத் தரலாம்" என்று தலையாட்டி ஓடரை வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள், எனக்கு அது சரிவராது. முதல் நாளே சொல்லிவிடுவேன்: கடலில் சூரியன் வேண்டுமென்றால் விடிய ஐந்தரைக்கு மணலில் நிற்க வேண்டும், எட்டரைக்குப் பிறகு வெயில் முகத்தில் கீறும். பொம்பிளையின் மேக்கப்புக்கே மூன்று மணித்தியாலம் போகும் என்பதால் அதைக் கலியாண நாளில் செய்ய முடியாது, வேறு ஒரு நாள் வைக்க வேண்டும். பின்னேரம் போனால் கடற்கரை நிழலாகிவிடும், தோலுக்கு அது நல்ல மென்மையான வெளிச்சம், ஆனால் செம்மஞ்சள் வானம் வராது. அந்த வானம்தான் வேண்டுமென்றால் உட்துறைமுகப் பக்கம் போகலாம். ஆடி, ஆவணியில் கச்சான் என்கிற தென்மேற்குக் காற்று அடிக்கிற நாட்களில் முக்காடும் தலைமுடியும் சொல்வழி கேட்காது என்பதையும் சேர்த்துச் சொல்வேன். வெளிநாட்டுக்காரர் லீவில் வருவதும் அந்த மாதங்களில்தான்.

ட்ரோன் விஷயமும் இப்படித்தான். கோணேசர் மலை இருக்கிற பிரட்ரிக் கோட்டைக்குள் இராணுவம், துறைமுகத்தில் கடற்படை. சிவில் விமானப் போக்குவரத்து அதிகாரசபையின் அனுமதி, பாதுகாப்புத் தரப்பின் அனுமதி எதுவும் இல்லாமல் கோணேசர் மலைக்கு மேலே பறக்கவிட்டுத் தருகிறேன் என்று வாக்குக் கொடுக்க என்னால் முடியாது. கோட்டை வீதியில் நிற்கிற மான்களோடு எடுத்துத் தருகிறேன், அதுவும் மான் மனம் வைத்தால்.

காசு பற்றி நீட்டி எழுத ஒன்றுமில்லை. 2022இல் டொலர் 200 ரூபாவிலிருந்து 360ஐத் தாண்டிப் போனபோது அல்பத் தாளின் விலையும் கூடவே ஓடியது. அதிலிருந்து படம் எடுக்கிற கூலியை ஒரு கணக்காகவும் அல்பத்தை இன்னொரு கணக்காகவும் எழுதிக் கொடுக்கிறேன், அல்பத்தின் விலை எத்தனை மாதத்துக்குச் செல்லும் என்றும் போட்டுவிடுகிறேன். சொந்தக்காரருக்கும் அதே தாள்தான். கழிவு கொடுப்பதென்றால் அதையும் அந்தத் தாளில் எழுதித்தான் கொடுப்பேன்.

இனி நான் உண்மையாகச் சொல்ல வந்த விஷயம். எந்தக் கலியாணத்துக்குப் போனாலும், எந்தச் சாமத்திய வீட்டுக்குப் போனாலும், அந்த வீட்டின் வயதான ஆட்களைத் தனித்தனியாக ஒரு படம் எடுத்துவிடுவேன். யாரும் கேட்பதில்லை, பட்டியலிலும் இருக்காது. சாப்பாட்டுக்கு முன்னால், ஜன்னல் பக்கமாக ஒரு கதிரையைப் போட்டு, அம்மம்மாவை இருத்தி இரண்டு நிமிடம். அவர்கள் நல்ல சேலை கட்டி, தலை வாரி, பேரப்பிள்ளைகளைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருக்கிற நாள் வருடத்தில் அதுவாகத்தான் இருக்கும். இரண்டு மூன்று வருடம் கழித்து ஒருநாள் விடியற்காலையில் கோல் வரும். "தம்பி, அம்மம்மா மோசம் போயிட்டா, அவவின்ர நல்ல படம் ஏதும் இருக்கா?" மரண அறிவித்தலுக்கு ஒன்று, 31ஆம் நாள் நினைவு மலருக்கு ஒன்று. இல்லையென்றால் அடையாள அட்டைப் படத்தைப் பெருப்பித்துப் போடுவார்கள், அது எப்படி இருக்கும் என்று எல்லாருக்கும் தெரியும். இதற்கு நான் காசு வாங்குவதில்லை. அதே வீட்டில் அடுத்த கலியாணத்துக்கு என்னைத்தானே கூப்பிடுகிறார்கள் என்று கணக்குப் பார்த்தால் வியாபாரமும்தான், மறுக்கவில்லை.

இந்த மாவட்டத்தில் பழைய படம் இல்லாத வீடுகள் ஏராளம். 2004 மார்கழி 26இல் கிண்ணியா, மூதூர், சல்லி என்று கரையோர வீடுகளுக்குள் கடல் வந்தபோது அல்பங்களும் போயின. 2006இல் சண்டை வந்து சம்பூரிலிருந்து உடுத்த உடுப்போடு வெளிக்கிட்டவர்கள் பலர் ஊர் திரும்பப் பத்து வருடம் வரை சென்றது. கலியாணப் படம் ஒன்றுகூட மிஞ்சாத தாய் தகப்பன், மகளின் கலியாணத்துக்கு என்னிடம் வந்து "எத்தனை வருசம் வைச்சிருப்பீங்க?" என்று கேட்டால் அது சும்மா கேட்கிற கேள்வி இல்லை. அதனால் ஒவ்வொரு வேலையையும் இரண்டு ஹார்ட் டிஸ்க்கில் போட்டு, ஒன்றைக் கடலிலிருந்து தள்ளியிருக்கிற வேறொரு வீட்டில் வைக்கிறேன். வருடத்துக்கு ஒருதரம் இரண்டையும் போட்டுத் திறக்கிறதா என்று பார்ப்பேன். உப்புக்காற்றுக்கும் ஈரத்துக்கும் லென்ஸில் பூஞ்சணம் பிடிக்கிற ஊர் இது, டிஸ்க்கை மட்டும் விட்டுவைக்குமா?

பேஸ்புக் பற்றியும் ஒன்று. நிக்காஹ் வேலைகளில் பெண்கள் பக்கத்துக்குப் பெண் படப்பிடிப்பாளர்தான் போவார், அந்தப் படங்கள் என் கணினிக்கே வருவதில்லை, அவரே திருத்தி அவரே கொடுப்பார். சாமத்திய வீட்டுப் படங்களை வீட்டுக்காரர் "போடுங்க தம்பி, பரவாயில்லை" என்றாலும் நான் போடமாட்டேன். அது சின்னப் பிள்ளை, அவளிடம் யாரும் கேட்கவில்லை. இதனால் என் பக்கத்தில் படங்கள் குறைவு, லைக்கும் குறைவு. புதிதாக வருகிறவர்கள் "உங்கட வேலையைப் பார்க்கலாமா?" என்று கேட்டால் அச்சடித்த அல்பம் இரண்டை வீட்டுக்கே கொண்டுபோய்க் காட்டுகிறேன், அதுவும் அந்தக் குடும்பங்களிடம் கேட்டு வாங்கிய சம்மதத்தோடு.