பள்ளிக்கூட விஷயமாக வேட்பாளரைப் பார்க்கப் போனது

மலேசியாவின் பினாங்கு மாநிலத்தில் மேயருக்கு யாரும் ஓட்டுப் போடுவதில்லை. ஒரு காலத்தில் நிலைமை வேறு. 1951-லேயே மாநிலத் தலைநகர் ஜார்ஜ்டவுனில் நகராண்மைத் தேர்தல் நடந்தது. 1957-ல் அது மாநகரானது. அதன் தொடக்க கால மேயர்களில் ஒருவர் டி.எஸ். இராமநாதன். 1965-ல் நிறுத்திவைத்த உள்ளாட்சித் தேர்தல் அப்புறம் திரும்பி வரவே இல்லை. இன்று மாநகர் மன்ற உறுப்பினர்களை நியமிப்பது மாநில அரசாங்கம். ஆகவே பள்ளிக்கு முன்னால் இருக்கும் கால்வாயைப் பற்றிப் பேசக்கூட, ஓட்டுக் கேட்டு வருகிற சட்டமன்ற வேட்பாளரைத்தான் பிடிக்க வேண்டியிருக்கிறது.

எங்கள் பிள்ளைகள் படிப்பது பினாங்கின் பெருநிலப் பகுதியான செபராங் பிறைப் பக்கம் உள்ள ஒரு தோட்டத்துத் தமிழ்ப்பள்ளி. பகுதி உதவி பெறும் பள்ளி. அதாவது ஆசிரியர் சம்பளம் அரசாங்கத்துடையது, நிலம் அரசாங்கத்துடையது அல்ல. தோட்டம் போய் வீடமைப்புப் பகுதி வந்துவிட்டது, நிலப்பத்திரத்தில் மட்டும் இன்னும் கம்பெனி பெயர். 2023 ஆகஸ்ட் 12 மாநிலத் தேர்தல் என்று அறிவித்ததும், பெற்றோர் ஆசிரியர் சங்கத்தில் நாங்கள் சிலர் வேட்பாளரைப் பார்ப்பது என்று முடிவு செய்தோம். தலைமையாசிரியரைக் கூப்பிடவில்லை. அரசாங்க ஊழியரைத் தேர்தல் நேரத்தில் இதில் இழுத்துவிடக்கூடாது. பள்ளியின் கடிதத்தாளையும் தொடவில்லை, பெற்றோர் என்றே கையெழுத்துப் போட்டோம்.

கூட்டத்தில் ஆளாளுக்கு ஒரு குறை சொன்னார்கள். கணினி அறை, கழிப்பறைக் கதவு, மாற்றலாகிப் போன ஆசிரியருக்குப் பதில் ஆள் வராதது, எல்லாம் நியாயம்தான். ஆனால் எல்லாவற்றையும் ஒரே மனுவில் கொட்டினால் என்ன பதில் வரும் என்று எங்களுக்குத் தெரியும்: “கல்வி மத்திய அரசாங்கத்தின் கையில் இருக்கிறது.” அரசியல் சட்டப்படி அது உண்மையும்கூட. ஆனால் நிலமும் ஊராட்சியும் மாநிலத்தின் பட்டியலில் வருகின்றன. தமிழ்ப்பள்ளிகளுக்கு ஆண்டு மானியமும் பினாங்கு மாநிலம் தருகிறது. ஆகவே குறைகளை யார் தீர்க்க முடியும் என்று பார்த்துப் பிரித்தோம். ஆசிரியர் பற்றாக்குறை மத்திய கல்வி அமைச்சுக்கு, நிலம் மாநிலத்துக்கு, கால்வாயும் பாதசாரிக் கோடும் மாநகர் மன்றத்துக்கு. தனித்தனித் தாள், மலாயில். இந்த வேலைக்குத்தான் நேரம் பிடித்தது, பயன் தந்ததும் இதுதான்.

வேட்பாளருடைய தேர்தல் நடவடிக்கை அறை ஒரு கடைவீட்டின் கீழ்த்தளம். மூலையில் கொடிக்கட்டுகள், மேசையில் பிரிக்காத மீ கோரெங் பொட்டலங்கள். “அக்கா, பத்து நிமிஷம்தான், அப்புறம் செராமாவுக்குக் கிளம்பணும்” என்றான் உதவிக்கு இருந்த தம்பி. செராமா என்றால் தேர்தல் பிரச்சாரக் கூட்டம். வேட்பாளர் சீனர், பேச்செல்லாம் மலாயில். வாயைத் திறந்ததும் நாங்கள் எதிர்பார்த்த வாக்கியமே வந்தது. நான் மத்திய அரசாங்கத்துக்கான தாளை எடுத்துக் கீழே வைத்துவிட்டு, “சரி, இது உங்களுக்கு இல்லை. மற்ற இரண்டும் உங்களுக்குத்தான்” என்றேன். சிரித்துவிட்டு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

அவரைப் பிடித்து நிறுத்தியது படம். பள்ளி விடும் நேரம், மழை. கால்வாய் நிரம்பி, தண்ணீர் சாலைக்கு ஏறியிருக்கிறது. இரண்டாம் வகுப்புப் பிள்ளை ஒன்று காலணியைக் கையில் பிடித்துக்கொண்டு லாரிக்கும் பள்ளி வேனுக்கும் நடுவில் நிற்கிறது. பெற்றோர் ஒருவர் கைப்பேசியில் எடுத்த படத்தைப் பெரிதாக அச்சடித்துக் கொண்டுபோயிருந்தோம். கைப்பேசியைக் காட்டியிருந்தால் தலையாட்டிவிட்டுத் திருப்பித் தந்திருப்பார். தாள் மேசைமேலேயே கிடந்தது. அடுத்து வந்தவர்களும் அதை எடுத்துப் பார்த்தார்கள். லாரிகள் எந்தப் பக்கமிருந்து வருகின்றன, அடைப்பு எந்த இடத்தில் என்றெல்லாம் கேட்டு, படத்தின் ஓரத்திலேயே பேனாவால் குறித்துக்கொண்டார்.

நிலம் பற்றி அவர் வாக்குறுதி எதுவும் தரவில்லை. கம்பெனியோடு பேச வேண்டும், மாற்று நிலம் என்றால் மாநில ஆட்சிக்குழு வரை போக வேண்டும், தேர்தலுக்கு முன் எதுவும் சொல்ல மாட்டேன் என்றார். எங்களோடு வந்த ஒருவருக்கு அதில் கோபம், “வாய்வார்த்தைக்குக்கூட சொல்லமாட்டாரா?” என்று படியிறங்கும்போதே முணுமுணுத்தார். எனக்கோ அந்த ஆள்மேல் நம்பிக்கை வந்தது அந்தப் பதிலால்தான். தேர்தல் காலத்தில் எதையும் தருகிறேன் என்பவர்களை நிறையப் பார்த்தாகிவிட்டது.

எதிரணி வேட்பாளருக்கும் அதே தாள்களைக் கொடுத்தோம். அவர் வாங்கிக்கொண்டு எங்களோடு படம் எடுத்துக்கொண்டார், அவ்வளவுதான்.

நாங்கள் முதலில் பார்த்தவரே ஜெயித்தார். வாழ்த்துச் செய்தியோடு தாள்களின் படத்தையும் அவருடைய உதவியாளருக்கு மறுபடி அனுப்பிவைத்தோம். ஜெயித்த கையோடு எல்லாரும் எதையாவது கேட்பார்கள், நம் தாள் அடியில் போய்விடும். சில வாரங்களில் மாநகர் மன்ற ஆட்கள் வந்து கால்வாயைத் தோண்டி எடுத்தார்கள். பாதசாரிக் கோடு வரப் பள்ளி விடுமுறை முடிந்துவிட்டது, ஆனாலும் வந்தது. நிலக் கடிதம் மாவட்ட நில அலுவலகத்தில் கோப்பு எண்ணோடு நிற்கிறது. ஆசிரியர் பற்றிய தாளைக் கொடுக்க நாடாளுமன்ற உறுப்பினரின் சேவை மையத்தில் நேரம் கேட்டிருக்கிறோம்.