பன்னிரண்டாம் பாகத்தில் கை மாறிய கதை

நூலகத்தின் புனைவுப் பிரிவில் வேலை பார்ப்பவர்களுக்கு, வாசகரின் உண்மையான கருத்து புத்தகம் திரும்பி வரும் நேரத்தில்தான் கிடைக்கிறது. எடுத்துச் செல்லும்போது பெரும்பாலோர் பேசுவதில்லை. திருப்பித் தரும்போது மேசையருகே ஒரு நிமிடம் நின்று, கேட்காமலே இரண்டு வார்த்தை சொல்லிவிட்டுத்தான் நகர்வார்கள். ஃபேண்டஸி என்று எல்லோரும் அழைக்கும் மிகுபுனைவுத் தொடர்களைப் படிப்பவர்களுக்கு அந்த ஒரு நிமிடம் போதாது. அவர்களிடம் நான் கேட்ட பேச்சுகளில் நீண்டதும் இன்றுவரை ஓயாததும் ஒன்று உண்டு. ராபர்ட் ஜோர்டன் தொடங்கிய 'தி வீல் ஆஃப் டைம்' தொடரை, அவர் மறைந்த பிறகு பிராண்டன் சாண்டர்சன் எழுதி முடித்தது சரிதானா என்பதே அது.

நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். முதல் பாகம் 1990இல் வெளிவந்தது. பதினோராம் பாகம் 2005இல் வந்தது. அடுத்த பாகத்தோடு கதை முடியும் என்று ஜோர்டன் உறுதியாகச் சொல்லியிருந்தார். ஆனால் அமைலாய்டோசிஸ் என்னும் அரிய நோய் இதயத்தைத் தாக்க, 2007 செப்டம்பரில் அவர் காலமானார். முடிவு எப்படி அமைய வேண்டும் என்பதை அவர் அறிந்திருந்தார். இறுதிக் காட்சியை எழுதி வைத்திருந்தார். மீதியைக் குறிப்புகளாகவும் வாய்மொழியாகவும் விட்டுச் சென்றார். அவருடைய மனைவியும், தொடரின் முதல் பாகத்திலிருந்தே அதன் பதிப்பாசிரியருமான ஹேரியட் மெக்டூகல், ஜோர்டனின் மறைவையொட்டி சாண்டர்சன் எழுதிய அஞ்சலிக் கட்டுரையைப் படித்தார். பிறகு 'மிஸ்ட்பார்ன்' என்ற அவருடைய நாவலையும் படித்துவிட்டு, அந்த ஆண்டு முடிவதற்குள் அவரையே தேர்ந்தெடுத்தார். ஒரே பாகமாக முடிய வேண்டியது மூன்றாக விரிந்து, 2009, 2010, 2013 ஆகிய ஆண்டுகளில் வெளிவந்தது. ஆக மொத்தம் பதினான்கு பாகங்கள். இவை தவிர 2004இல் வந்த ஒரு முன்கதை.

பன்னிரண்டாம் பாகம் வாசகர்களிடம் போய்த் திரும்பத் தொடங்கியபோதே, ஒரே புத்தகத்தைப் பற்றி இரண்டு புத்தகங்களைப் பற்றிப் பேசுவது போல மக்கள் பேசுவதைக் கவனித்தேன். ஒருவர், "அப்பாடா, கதை நகர்கிறது" என்றார். அதே பிரதியை அடுத்து எடுத்துச் சென்றவர், "எல்லாரும் ஓடிக்கொண்டே இருக்கிறார்கள், நின்று பார்க்க யாருக்கும் நேரமில்லை" என்றார். இருவருமே முந்தைய பதினொன்றையும் ஒன்றுக்கு மேற்பட்ட முறை படித்தவர்கள். இருவர் சொன்னதும் உண்மை. ஜோர்டனின் நடையில் ஒரு பெண் அறைக்குள் நுழைந்தால் அவளுடைய ஆடையின் நிறமும் கைப்பட்டையில் உள்ள பூவேலையும் தெரிந்த பிறகுதான் அவள் வாய் திறப்பாள். நைனீவ் என்ற பாத்திரம் கோபம் வரும்போதெல்லாம் தன் பின்னலைப் பற்றி இழுப்பாள். பயணம் என்றால் சாலையும் விடுதியும் விடுதிக்காரரின் முகமும் உண்டு. சாண்டர்சனின் காட்சிகள் குறுகியவை. ஒரு முடிச்சை அவிழ்த்து, மற்றொன்றைப் போட்டுவிட்டு அத்தியாயம் முடிந்துவிடும். சொற்களிலும் இக்காலப் பேச்சின் சாயல் கூடுதலாக இருக்கும்.

கதை நகர்கிறது என்று மகிழ்ந்தவர்களின் மகிழ்ச்சிக்குக் காரணம் இருந்தது. 2003இல் வந்த பத்தாம் பாகத்தின் பெரும்பகுதி, ஒன்பதாம் பாகத்தின் இறுதியில் நிகழ்ந்த ஒரு மாபெரும் செயலை வெவ்வேறு பாத்திரங்கள் தத்தம் இடத்திலிருந்து உணர்வதைச் சொல்வதிலேயே கழிந்துவிடுகிறது. அந்தப் பாகத்தோடு தொடரைக் கைவிட்டவர்களை எங்கள் அடுக்கே காட்டிக்கொடுக்கும். முதல் நான்கு பாகங்களின் முதுகு மடிந்து வெளுத்திருக்கும். பத்தாம் பாகம் அத்தனை ஆண்டுக்குப் பிறகும் விறைப்பாக நிற்கும். அப்படிக் கைவிட்டவர்களில் கணிசமானோர் சாண்டர்சன் முடித்துவிட்டார் என்று கேள்விப்பட்டுத் திரும்பி வந்தார்கள். ஒரு தொடருக்கு இழந்த வாசகர்களை மீட்டுத் தருவது சிறிய காரியமன்று என்றே நான் நினைக்கிறேன்.

ஆனால் மறுதரப்பின் வருத்தத்தை நான் ஒருபோதும் பழமைப்பற்று என்று ஒதுக்கியதில்லை. அதை எனக்குப் புரியவைத்தவர் நடுத்தர வயதுப் பெண் வாசகர் ஒருவர். அவருடைய மனத்தாங்கல் முழுவதும் மேட் என்ற ஒரே பாத்திரத்தைப் பற்றியது. பதினோராம் பாகத்தையும் பன்னிரண்டாம் பாகத்தையும் மேசை மீது அருகருகே விரித்து வைத்து, மேட் வரும் பக்கங்களை எனக்குப் படித்துக் காட்டினார். ஜோர்டனின் மேட் தன்னை வேடிக்கையானவன் என்று நினைப்பதே இல்லை. தான் சூதாடி, சோம்பேறி, ஆபத்தைக் கண்டால் ஓடுகிறவன் என்று மனத்துக்குள் சொல்லிக்கொண்டே, கால்கள் மட்டும் ஆபத்தை நோக்கி நடக்கும். நகைப்பு, அவன் சொல்வதற்கும் செய்வதற்கும் நடுவே இருக்கும் இடைவெளியில் பிறக்கிறது. பன்னிரண்டாம் பாகத்தின் மேட் நகைச்சுவை செய்யத் தெரிந்தே செய்கிறான். நீளமாகப் பேசுகிறான், உவமை அடுக்குகிறான், தன் பேச்சைத் தானே ரசிக்கிறான். "பெயர் அதேதான், தொப்பியும் அதேதான், ஆள் வேறு" என்று அவர் சொன்னபோது எனக்கு மறுமொழி தோன்றவில்லை. மேட்டைச் சரியாகப் பிடிக்கத் தமக்குச் சிரமம் இருந்ததைச் சாண்டர்சனே பின்னாளில் வெளிப்படையாக ஒப்புக்கொண்டார். அடுத்த இரு பாகங்களில் அவன் ஓரளவு தன் பழைய இயல்புக்குத் திரும்பினான் என்பது பலரின் கருத்து. என் கருத்தும் அதுவே.

அந்த உரையாடலுக்குப் பிறகு, புதிய ஆசிரியர் நன்றாக எழுதினாரா இல்லையா என்பதை இந்தச் சர்ச்சையின் மையமாக நான் கருதவில்லை. ஒவ்வொருவரும் தொடருக்குள் எதற்காகப் போனார்கள் என்பதுதான் அவர்களைப் பிரிக்கிறது. அடுத்து என்ன நடக்கும் என்பதற்காகப் போனவர்களுக்கு முடிவு வேண்டும். ஜோர்டன் வகுத்த முடிவு அவர்களுக்குக் கிடைத்துவிட்டது. நன்றியோடு புத்தகத்தைத் திருப்பித் தந்தார்கள். ஒரு குரலைக் கேட்பதற்காகப் போனவர்களுக்கு அந்தக் குரல் 2007இல் நின்றுவிட்டது. எத்தனை திறமையானவர் வந்தாலும் அதை மீட்டுத் தர முடியாது. முதல் தரப்பு இரண்டாம் தரப்பை நன்றி கெட்டவர்கள் என்கிறது. இரண்டாம் தரப்பு முதல் தரப்பை ரசனையற்றவர்கள் என்கிறது. இரண்டும் தவறான குற்றச்சாட்டுகள் என்பதை மேசைக்கு இந்தப் பக்கம் இருந்து பார்க்கிறவர்களால் எளிதாகச் சொல்ல முடியும்.

காத்திருந்தவர்களும் காத்திராதவர்களும் படிக்கிற விதத்தில் உள்ள வேறுபாட்டையும் இங்கே சொல்ல வேண்டும். தொடர் முழுதும் முடிந்த பின் வந்த இளம் வாசகர் ஒருவர், விடுமுறைக் காலத்தில் பதினான்கு பாகங்களையும் வரிசையாக எடுத்துச் சென்று முடித்தார். எழுதியவர் மாறியதை அட்டையில் பார்த்தாரே தவிர, அதைப் பற்றி அவருக்குப் பெரிய குறை எதுவும் இல்லை. கடைசி மூன்றும் வேகமாகப் போயின என்று மட்டும் சொன்னார். முதல் பாகம் வெளிவந்த காலத்திலிருந்து படித்தவர்களோ, ஒவ்வொரு பாகத்துக்கும் நடுவே ஆண்டுக்கணக்கில் காத்திருந்து, யார் யாரைக் கொன்றார்கள், எந்தக் கனவுக்கு என்ன பொருள் என்று தமக்குள் விவாதித்து, கதையின் பாதியைத் தாமே மனத்தில் எழுதி வைத்திருந்தார்கள். அவர்கள் சாண்டர்சனை ஜோர்டனோடு மட்டும் ஒப்பிடவில்லை, தாங்கள் மனத்தில் எழுதிய பதினான்காம் பாகத்தோடும் ஒப்பிட்டார்கள். அந்தப் போட்டியில் ஜோர்டனே உயிரோடு இருந்து எழுதியிருந்தாலும் எளிதில் வென்றிருக்க முடியாது என்பது என் துணிபு.

ஒரு பாகம் மூன்றானது பற்றி அப்போது நிறைய முணுமுணுப்பு இருந்தது. பணத்துக்காகவே நீட்டுகிறார்கள் என்று மேசையருகே பலர் சொன்னார்கள். கடைசிப் பாகத்தில் இறுதிப் போரைச் சொல்லும் ஒரே ஒரு அத்தியாயம் தனி நாவலின் அளவுக்கு நீள்வதைப் பார்த்த பிறகு அந்த முணுமுணுப்பு பெரிதும் அடங்கிவிட்டது. ஆகவே அதில் மேலும் சொல்ல எதுவும் இல்லை.

நூலகப் பணியில் இந்த விவாதம் வேறொரு வடிவத்திலும் வருகிறது: அட்டையில் யார் பெயர், பட்டியலில் யார் பெயர், எந்த எழுத்தின் கீழ் அடுக்குவது? இந்தத் தொடரின் கடைசி மூன்று பாகங்களின் அட்டையில் இரு பெயர்களும் உள்ளன. ஜோர்டன் முதலில், சாண்டர்சன் அடுத்து. அதனால் பதினான்கும் ஒரே அடுக்கில் தொடர்ச்சியாக நிற்க, பட்டியலில் இருவர் பெயரிலும் தேடிக் கண்டுபிடிக்க முடிகிறது. எல்லாத் தொடர்களுக்கும் இந்த நேர்மை வாய்க்கவில்லை. 'ஆஸ்' உலகத்தைப் படைத்த எல். ஃபிராங்க் பாம் 1919இல் மறைந்த பிறகு, 1921இல் வந்த ஒரு நூல் முழுக்க ரூத் பிளம்லி தாம்சன் எழுதியது. ஆயினும் அட்டை அதைப் பாமின் நூல் என்றே காட்டியது. தாம்சன் அதை விரிவாக்கிச் செம்மை செய்தவராக மட்டுமே குறிக்கப்பட்டார். அதன் பிறகு 1939 வரை ஆண்டுதோறும் ஒரு நூல் எழுதி, பாம் எழுதியதைவிட அதிக எண்ணிக்கையை எட்டிய ஒருவருக்கு அந்தத் தொடக்கம் நியாயமானதல்ல. வாசகர்களுக்கும் அது நியாயமன்று. யாருடைய குரலைக் கேட்கிறோம் என்று தெரிந்து படிப்பது வாசகரின் உரிமை என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

இந்த இடத்தில் 'தி லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்' எழுதிய ஜே. ஆர். ஆர். டோல்கீனின் மகன் கிறிஸ்டோபர் டோல்கீன் செய்ததை அடிக்கடி நினைத்துக்கொள்கிறேன். தந்தை 1973இல் மறைந்த பின், கை கவ்ரியல் கே என்ற இளைஞரின் துணையோடு, சிதறிக் கிடந்த கையெழுத்துப் படிகளிலிருந்து 'தி சில்மரில்லியன்' நூலைக் கோத்து 1977இல் வெளியிட்டார். அதோடு நிற்காமல், 1983 முதல் 1996 வரை பன்னிரண்டு தொகுதிகளில் அந்த மூலப் படிகளையே வெளியிட்டு, தந்தை எழுதியது எது, தாம் இணைத்தது எது என்று வாசகரே பார்த்துக்கொள்ள வழி செய்தார். தமிழிலும் கல்கி 1954இல் மறைந்தபோது முடிவுறாமல் நின்ற 'அமரதாரா'வை, அவருடைய குறிப்புகளைத் துணைக்கொண்டு மகள் ஆனந்தி எழுதி முடித்தார். மகனோ மகளோ முடித்தால் வாசகர்களின் மனம் சற்று இளகிவிடுகிறது. வெளியிலிருந்து வருபவர் ஒவ்வொரு பக்கத்திலும் தம் உரிமையை நிரூபிக்க வேண்டியிருக்கிறது.

தொடரவே கூடாது என்பவர்களும் உண்டு. மிகுபுனைவு எழுத்தாளர் டெர்ரி பிராட்செட் 2015இல் மறைந்த பிறகு, முடிக்கப்படாத அவருடைய எழுத்துகள் இருந்த கணினி வன்தட்டை, அவர் விரும்பியபடியே 2017இல் ஒரு பழைய நீராவி உருளை இயந்திரத்தின் கீழ் வைத்து நசுக்கினார்கள். எங்கள் வாசகர்களில் சிலர் அதை மேற்கோள் காட்டி, ஜோர்டனின் குறிப்புகளுக்கும் அதுவே கதியாகியிருக்க வேண்டும் என்று வாதாடினார்கள். அதை என்னால் ஏற்க முடியவில்லை. பிராட்செட்டின் நாவல்கள் பெரும்பாலும் தனித்தனியே நிறைவு பெறுபவை. ஒன்று வராமல் போனால் மற்றவை குறைபடுவதில்லை. ஜோர்டனுடையது முதல் பக்கத்திலிருந்தே ஒரே போரை நோக்கி நடக்கும் ஒரே கதை. மேலும், முடிக்கப்பட வேண்டும் என்று விரும்பியவர் ஜோர்டனே. இறுதி வாரங்களில் படுக்கையிலிருந்து குடும்பத்தாரிடம் கதையைச் சொல்லிக்கொண்டிருந்தவர் அவர். மறைந்தவரின் விருப்பம் தெளிவாக இருக்கும்போது, வாசகரின் விருப்பம் அதற்குப் பின்னால்தான் நிற்க வேண்டும்.

இந்த விவாதங்களில் ஹேரியட் மெக்டூகலின் பெயர் மிக அரிதாகவே வருவது எனக்கு எப்போதும் வருத்தம் தரும். பதினான்கு பாகங்களுக்கும் பதிப்பாசிரியர் அவரே. எழுதும் கை மாறியபோதும் திருத்தும் கை மாறவில்லை. ஜோர்டனோடு பல்லாண்டு உடனிருந்த உதவியாளர்கள் இருவர் உண்மைகளையும் காலவரிசையையும் சரிபார்த்தார்கள். சாண்டர்சன் தம் முன்னுரையில், ஜோர்டனின் நடையைப் போலச்செய்ய முயலவில்லை, தம் நடையையே இந்தக் கதைக்கு ஏற்ப அமைத்துக்கொண்டேன் என்ற பொருளில் எழுதினார். அந்த முடிவுக்கு இடம் கொடுத்ததும் மெக்டூகல்தான். அது சரியான முடிவு என்றே கருதுகிறேன். போலச்செய்த நடை முதல் வாசிப்பில் ஏமாற்றிவிடலாம்; ஆனால் இரண்டாம் வாசிப்புக்குத் திரும்பி வருகிறவர்கள்தான் இத்தகைய தொடர்களை உயிரோடு வைத்திருக்கிறார்கள், அவர்களை ஏமாற்ற முடியாது.

பதினோராம் பாகத்தைத் திருப்பித் தந்துவிட்டு, அடுத்ததை எடுக்கலாமா என்று தயங்கி நிற்பவர்கள் இப்போதும் வருகிறார்கள். நான் பன்னிரண்டாம் பாகத்தை உடனே எடுத்துக் கொடுப்பதில்லை. இடையில் 'மிஸ்ட்பார்ன்' முதல் நாவலைப் படித்துவிட்டு வரும்படி சொல்கிறேன். சாண்டர்சனின் குரலை அவருக்கே உரிய உலகத்தில் ஒருமுறை கேட்டுவிட்டால், பிறகு ஜோர்டனின் உலகத்தில் அதைக் கேட்கும்போது ஜோர்டன் பிசகிவிட்டார் என்று தோன்றாது, வேறொருவர் பேசுகிறார் என்று காது உடனே அறிந்துகொள்ளும். அப்படிப் போய்வந்தவர்களில் பலர் கடைசி மூன்றையும் முடித்தார்கள். சிலர் சாண்டர்சனின் அடுக்கிலேயே தங்கிவிட்டார்கள். மேட்டுக்காக வாதாடிய வாசகர் மட்டும் இரண்டையும் மறுத்து, மறுபடியும் முதல் பாகத்தைத் தன் பெயரில் பதிவு செய்து எடுத்துப்போனார்.