குளிர்காலத்தில் என் கோழிகளுக்கு என்ன தீனி?

தென்னாப்பிரிக்காவின் பீட்டர்மாரிட்ஸ்பர்க்கில் குளிர்காலமான ஜூன், ஜூலை வந்தால் பகல் 10 மணி நேரத்துக்குச் சற்று மேல்தான். நன்றாக முட்டையிடக் கோழிக்கு 14 மணி நேர வெளிச்சமாவது வேண்டும். அதனால் இந்த மாதங்களில் முட்டை குறையத்தான் செய்யும், தீனியைக் குறை சொல்லிப் பயனில்லை. ஆனால் குளிரைத் தாங்க அதற்குக் கூடுதலாகச் சாப்பாடு வேண்டும். சாதாரண நாளில் ஒரு கோழி சுமார் 120 கிராம் தின்னும்; இப்போது தட்டு காலியாகாமல் பார்த்துக்கொள்கிறேன்.

காலையில் லேயர் மேஷ், அதாவது முட்டைக்கோழிக்கான மாவுத் தீனி, 16 சதவீதப் புரதம் உள்ளது. பனி உறைந்த காலைகளில் ஆயா வெந்நீரில் குழைத்து வைப்பார், நானும் அப்படித்தான். மீந்ததை மதியத்துக்குள் எடுத்துவிட வேண்டும், இல்லாவிட்டால் பூஞ்சை பிடிக்கும். உடைத்த மக்காச்சோளம் சாயங்காலம் மட்டும், அடைவதற்கு முன் ஒரு கைப்பிடி. இரவில் அது மெல்லச் செரித்து உடம்பில் சூடு காக்கும். மலிவு என்று நாள் முழுக்கச் சோளமே போடுகிறவர்களைப் பார்த்தால் எனக்கு மனசு கேட்காது. அதில் புரதம் மேஷில் இருப்பதில் பாதிதான், கால்சியம் அநேகமாக இல்லை. பாவம், கோழி தன் எலும்பைக் கரைத்து ஓடு கட்டும்!

அப்புறம், கால்சியத்துக்குச் சிப்பித்தூள் எப்போதும் தனிக் கிண்ணத்தில். கீரைக்குப் பதில் முட்டைக்கோஸின் வெளி இலைகளைக் கட்டித் தொங்கவிடுகிறேன்.